புல்லை மேய்ந்த வேலி

"வேலியே பயிரை மேய்ந்தது போல" என்று சொல்வோம். காவலுக்கு வைத்ததே கேடு செய்தால் அப்படிச் சொல்வது வழக்கம். குஜராத் மாநிலத்தில் இது உண்மையாகவே நடந்தது. அங்கே ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அந்த நிலத்தைக் காப்பதற்காக ஒரு மரத்தை நட்டார்கள். அந்த மரம் புல்வெளியில் பாதியை விழுங்கிவிட்டது.

அது எப்படி நடந்தது? போன புல்லைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? அதற்கு என்ன வேலை செய்ய வேண்டும்? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பன்னி என்னும் புல்வெளி

இந்தியப் படத்தில் மேற்கு ஓரத்தைப் பாருங்கள். அங்கே குஜராத் இருக்கிறது. குஜராத்தின் மேற்கு மூலையில் கட்ச் மாவட்டம் இருக்கிறது. கட்ச் மாவட்டத்தின் தலைநகர் புஜ். புஜ் நகருக்கு வடக்கே போனால் பன்னி என்னும் சமவெளி வரும். அதற்கும் வடக்கே 'ரண்' என்னும் பெரிய உப்புப் பாலைவனம்.

பன்னி என்றதும் நமக்குச் சிரிப்பு வரலாம். நாம் நினைக்கும் பன்றிக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு இல்லை. 'உண்டானது' என்பது அந்தப் பெயரின் பொருள் என்று அங்கே சொல்கிறார்கள். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்ணால் உண்டான நிலம் அது.

பன்னியின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதாவது ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல். ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். அங்கே மழை குறைவு. ஆண்டுக்குச் சுமார் 30 சென்டிமீட்டர்தான் பெய்யும். அதுவும் நிச்சயம் இல்லை. ஓர் ஆண்டு நன்றாகப் பெய்யும். அடுத்த ஆண்டு பொய்த்துவிடும். மண்ணிலும் உப்பு உண்டு.

இப்படிப்பட்ட இடத்தில் நெல் விளையுமா? விளையாது. ஆனால் புல் விளையும். உப்பைத் தாங்கும் புல், வறட்சியைத் தாங்கும் புல் என்று பல வகைப் புற்கள் அங்கே உண்டு. நம் ஊரில் கொழுக்கட்டைப் புல் என்கிறோமே, அதுவும் அங்கே வளரும். அங்கே அதற்கு 'தாமன்' என்று பெயர்.

மால்தாரிகள்

பன்னியில் வாழ்பவர்களை மால்தாரிகள் என்பார்கள். 'மால்' என்றால் அங்கே கால்நடை. சொத்து என்றும் பொருள். 'தாரி' என்றால் உடையவர். தமிழிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. இரண்டு ஊரிலும் ஒரே எண்ணம்தான்.

மால்தாரிகள் பல தலைமுறைகளாக எருமையும் மாடும் வளர்க்கிறார்கள். காங்ரேஜ் என்னும் மாட்டினம் பேர் பெற்றது. நீண்ட கொம்பும் கம்பீரமான நடையும் உள்ள மாடு அது. உழவுக்கும் வண்டிக்கும் ஏற்றது. பாலும் தரும்.

பன்னி எருமை இன்னும் விசேஷமானது. அது இரவில் மேயும். பகலில் வெயில் கொளுத்தும் அல்லவா? அதனால் மாலையில் எருமைகள் கூட்டமாகப் புறப்பட்டுப் போகும். இரவெல்லாம் மேயும். விடியும்போது தாமாகவே வீடு திரும்பும். பிறகு பால் கறப்பார்கள். 2010ஆம் ஆண்டில் பன்னி எருமையைத் தனி இனமாக அரசு ஏற்றுக்கொண்டது. நல்ல எருமை ஒன்று லட்சம் ரூபாய்க்கு மேலும் விலை போகிறது.

ஏட்டில் படித்து இந்த இனத்தை உருவாக்கவில்லை. மால்தாரிகள் தங்கள் அனுபவத்தால் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இத்தனைக்கும் ஆதாரம் புல். புல் இருந்தால் பால் உண்டு. பால் இருந்தால் பிழைப்பு உண்டு.

மரம் வந்த கதை

பன்னிக்கு ஓர் அச்சம் இருந்தது. வடக்கே இருக்கும் உப்புப் பாலைவனம் மெல்ல மெல்ல உள்ளே வந்துவிடுமோ என்று பயந்தார்கள். அதைத் தடுக்க மரம் நடலாம் என்று வனத்துறை முடிவு செய்தது. உப்பிலும் வறட்சியிலும் வளரும் மரம் வேண்டும். ஆடு மாடு தின்னாத மரமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு மரம் கைவசம் இருந்தது. அதுதான் சீமைக் கருவேல்.

தமிழ்நாட்டில் வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். அதன் சொந்த ஊர் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும். 1870களில் அதன் விதை இந்தியாவுக்கு வந்தது. அப்போது எல்லோரும் அதை வரவேற்றார்கள். 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதை 'ராஜ மரம்' என்றே அறிவித்தது. வறண்ட நாட்டில் விறகு தரும் மரம் என்றால் மதிப்பு இருக்காதா?

1961இல் பன்னியில் அதை நடத் தொடங்கினார்கள். சுமார் 31,500 ஹெக்டேரில் நட்டார்கள். அதாவது சுமார் 78,000 ஏக்கர். நல்ல எண்ணத்தோடுதான் நட்டார்கள். ஆனால் மரம் நட்ட இடத்தில் நிற்கவில்லை. பரவிக்கொண்டே போனது. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 25 சதுர கிலோமீட்டர் வீதம் பரவியதாகக் கணக்கிட்டார்கள். இப்போது பன்னியில் ஏறக்குறைய பாதி இடத்தில் இந்த மரம் இருக்கிறது.

கட்ச் மக்கள் இதற்கு வைத்த பெயர் 'காண்டோ பாவள்'. பைத்தியக் கருவேல் என்று பொருள். கட்டுக்கு அடங்காமல் வளர்வதால் அந்தப் பெயர்.

ஏன் இப்படிப் பரவுகிறது?

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் நெற்று. இந்த மரத்தின் நெற்று இனிப்பாக இருக்கும். ஆடு, மாடு, எருமை எல்லாம் விரும்பித் தின்னும். விதையின் தோல் மிகவும் கெட்டி. வயிற்றில் செரிக்காது. சாணத்தோடு வெளியே வந்து விழும். சாணம் எருவாகும். மழை பெய்ததும் விதை முளைக்கும். மாடு எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் விதை நடக்கிறது.

இரண்டாம் காரணம் இலை. நெற்றைத் தின்னும் மாடு இலையை அவ்வளவாகத் தின்னாது. முள்ளும் உண்டு. ஆகவே கன்றுகள் தப்பிவிடுகின்றன. புல்லை மாடு மேய்ந்துவிடும். இந்தக் கன்றை விட்டுவிடும். போட்டியில் யார் ஜெயிப்பார்?

மூன்றாம் காரணம் வேர். ஆணிவேர் ஆழமாகப் போய் நீரைத் தேடும். புல்லின் வேர் மேல்மண்ணில்தான் இருக்கும். மழை இல்லாத ஆண்டில் புல் காயும். மரம் பச்சையாகவே நிற்கும்.

நான்காம் காரணம் தூர். மரத்தை மேலே வெட்டினால் அது சாகாது. தூரிலிருந்து பல கிளைகள் வெடித்து வரும். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டுகள் நிற்கும். அரைகுறையாக வெட்டினால் புதர் இன்னும் அடர்த்தி ஆகும்.

மரம் அடர்ந்த இடத்தில் நிழல் விழும். உதிர்ந்த இலைச் சருகும் பல செடிகளை முளைக்க விடாது. ஆகவே அதன் அடியில் புல் குறைந்துவிடும்.

புல் போனதால் என்ன போனது?

முதலில் அடி வாங்கியது மாடுதான். நெற்றில் சர்க்கரை அதிகம். புல் இல்லாமல் நெற்றையே நிறையத் தின்றால் மாட்டின் செரிமானம் கெடும். அசைபோடுவது தடைப்படும். தாடை பாதிக்கும். மாடு மெலியும். சில மாடுகள் செத்தும் போகும். எருமை ஓரளவு தாங்கும். ஆகவே பலர் காங்ரேஜ் மாட்டை விட்டுவிட்டு எருமைக்கு மாறினார்கள். ஒரு மரம் வந்ததால் ஊரின் மந்தையே மாறிவிட்டது.

மேய்ச்சல் தூரமும் கூடியது. முள் புதருக்குள் மந்தையை ஓட்டிப் போக முடியாது. இரவில் மேயும் எருமைக்கு முள் குத்தும். காலிலும் மடியிலும் காயம் படும்.

புல்வெளியில் வாழும் பறவைகளுக்கும் இடம் சுருங்கியது. மழைக்காலத்தில் பன்னியில் நீர் தேங்கும். சாரி தண்ட் என்னும் பெரிய ஏரி அங்கே உண்டு. குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வரும். 2008இல் அரசு அதைப் பாதுகாப்பு இடமாக அறிவித்தது. பரந்து கிடக்கும் புல்லும் நீரும் சேர்ந்ததுதான் பன்னி. எல்லாம் முட்காடு ஆகிவிட்டால் அது பன்னி அல்ல.

மரத்தால் நன்மையே இல்லையா?

உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். விறகு கிடைக்கிறது. தேன் கிடைக்கிறது. பிசின் கிடைக்கிறது. கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. மந்தை இல்லாத ஏழைக்கு அந்தக் கரிதான் கூலி. மழை பொய்த்த ஆண்டில் நெற்றும் தீவனம் ஆகிறது. விதையோடு சேர்த்து அரைத்துத் தூளாக்கி, மற்றத் தீவனத்தோடு அளவாகக் கலந்து கொடுக்கலாம். அரைத்தால் விதையும் உடையும். அது முளைக்காது. மாட்டுக்கும் நல்லது.

ஆகவே "நாளைக்கே எல்லா மரத்தையும் பிடுங்கு" என்று சொல்வது சுலபம். ஆனால் நாளை மறுநாள் அடுப்பு எரிய வேண்டும். கூலிக்காரர் வீட்டில் சோறு வேக வேண்டும். மரத்தை எடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வெட்டினால் மட்டும் போதுமா?

இந்த மரத்தை வெட்டப் பல ஆண்டுகள் தடை இருந்தது. 2004இல் அரசு அந்தத் தடையை நீக்கியது. உடனே பன்னி எங்கும் கரிமூட்டம் புகைந்தது. லாரி லாரியாகக் கரி போனது. மரம் அகன்ற இடங்களில் புல் தலைகாட்டியது. மக்களுக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் வேரோடு எடுக்காத இடங்களில் மரம் திரும்பத் தழைத்தது. கரிக்காக வெட்டுபவர் தூரை ஏன் தோண்டப் போகிறார்? தூர் இருந்தால் அடுத்த முறையும் கரி கிடைக்குமே! நாட்டு மரங்களும் வெட்டுப்படுகின்றன என்ற புகாரும் எழுந்தது. 2008இல் மறுபடி தடை வந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. கரிக்காக வெட்டுவது வேறு. புல்லுக்காக எடுப்பது வேறு. புல் வேண்டுமானால் தூரை எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் காவல் இருக்க வேண்டும்.

நிலம் யாருடையது?

காவல் இருப்பது யார்? அந்த நிலத்தில் உரிமை உள்ளவர்தானே காவல் இருப்பார்?

1955இல் பன்னியைக் காப்புக்கு உரிய காடு என்று அரசு அறிவித்தது. காகிதத்தில் அது காடு. கண்ணுக்கு அது புல்வெளி. மால்தாரிகள் அங்கே வழக்கப்படி மேய்த்து வந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் எழுத்தில் உரிமை இல்லை.

2008இல் மால்தாரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பன்னி எருமைக்கு இன அங்கீகாரம் கேட்டுப் பாடுபட்டது இந்தச் சங்கம்தான். வனத்துறை 2009இல் ஒரு திட்டம் போட்டது. நிலத்தைப் பகுதி பகுதியாக வேலி போட்டு, மரத்தை எடுத்து, புல் வளர்ப்பது அந்தத் திட்டம். மால்தாரிகள் அதை ஏற்கவில்லை. வேலி போட்டால் மந்தை எங்கே போகும்? "பன்னியைப் பன்னியாகவே இருக்க விடுங்கள்" என்று குரல் கொடுத்தார்கள்.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் மேய்க்கும் மக்களுக்கு இந்தச் சட்டம் மேய்ச்சல் உரிமை தருகிறது. ஊர்ப் பொதுக்காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. பன்னியின் ஊர்களில் வன உரிமைக் குழுக்கள் அமைத்தார்கள். ஊர் உரிமை கேட்டு மனுக் கொடுத்தார்கள்.

இதற்கிடையே வேறு ஒரு தொல்லை. மரம் எடுத்த இடத்தைச் சிலர் உழுது வளைத்துக்கொண்டார்கள். வேலியும் போட்டார்கள். பொது மேய்ச்சல் நிலம் தனியார் வயல் ஆனது. மால்தாரி சங்கம் 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2021இல் தீர்ப்பு வந்தது. ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்தில் அகற்ற வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. ஊர்ப் பொதுக்காட்டைக் காக்கும் உரிமை மால்தாரிகளுக்கு உண்டு என்றும் சொன்னது.

மரத்தை எடுப்பது பாதி வேலை. எடுத்த நிலம் பொது நிலமாகவே இருப்பது மீதி வேலை. இது நினைவில் இருக்கட்டும்.

புல்லைத் திரும்பக் கொண்டுவரும் வழி

பன்னியில் சில ஊர்க்காரர்கள் தாங்களே மரத்தை எடுத்துப் புல்லை வளர்த்து வருகிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் அங்கே தங்கிப் பார்த்து எழுதி வருகிறார்கள். இப்படிப்பட்ட வேலையை எந்த மேய்ச்சல் நிலத்திலும் படிப்படியாகச் செய்யலாம்.

1. முதலில் கூடிப் பேசுங்கள்.
மந்தை உள்ளவர், கரி போடுபவர், விறகு பொறுக்கும் பெண்கள் எல்லோரும் இருக்க வேண்டும். எந்தப் பகுதியில் மரத்தை எடுப்பது, எந்தப் பகுதியை விறகுக்கு விடுவது என்று முடிவு செய்யுங்கள். பொது நிலத்தில் எடுக்க அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிவை எழுதி வையுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

2. நிலத்தை நடந்து பாருங்கள்.
மரம் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கும் இடம் ஒன்று. பாதி மரம், பாதி புல் உள்ள இடம் ஒன்று. அடர்ந்த காடாக இருக்கும் இடம் ஒன்று. எங்கே வேலையைத் தொடங்குவது? அடர்ந்த இடத்தில்தான் என்று தோன்றும். அது சரியல்ல. மரம் குறைவாக உள்ள இடத்தில் தொடங்குங்கள். அங்கே செலவு குறைவு. மண்ணில் புல் விதை இன்னும் உயிரோடு இருக்கும். புல் சீக்கிரம் வரும். அந்த இடம் கெட்டுப் போவதையும் தடுத்துவிடலாம்.

3. நாட்டு மரங்களுக்கு அடையாளம் போடுங்கள்.
நாட்டுக் கருவேல், வன்னி, இலந்தை, உகாய் முதலியவை மண்ணுக்குச் சொந்தமானவை. அவற்றை வெட்டக் கூடாது. அடிமரத்தில் சுண்ணாம்பு பூசி வையுங்கள். கோவில்களில் தலமரமாக இருக்கும் வன்னி, சீமைக் கருவேலுக்குத் தூரத்து உறவுதான். ஆனால் குணம் வேறு. பூவையும் காயையும் பார்த்தால் கருவேல் இரண்டையும் பிரித்துவிடலாம். நாட்டுக் கருவேலின் பூ, மஞ்சள் உருண்டை. அதன் காய், மணி கோத்தது போல நடுநடுவே இறுகி இருக்கும். சீமைக் கருவேலின் பூ, பூனை வால் போல நீளமாக இருக்கும். அதன் நெற்று நீண்டு வளைந்து மஞ்சளாக இருக்கும்.

4. தூரோடு எடுங்கள்.
தழைக்கும் மொட்டுகள் தூரிலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான் இருக்கின்றன. ஆகவே மண்ணுக்குக் கீழே ஓர் அடியாவது தோண்டி வேரை வெட்ட வேண்டும். முழு ஆணிவேரையும் எடுக்கத் தேவையில்லை. அது எடுக்கவும் முடியாது. சிறு மரத்துக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். பெரிய மரத்துக்கு இயந்திரம் வைக்கலாம். பிறகு குழியை மூடிச் சமப்படுத்துங்கள். நெற்று பழுத்து உதிரும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. செருப்பில்லாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள். முள் குத்தினால் புண் சீழ் பிடிக்கும். கண்ணையும் காத்துக்கொள்ளுங்கள்.

5. புல் விதை சேருங்கள்.
புல் தானாக வராத இடத்தில் விதைக்க வேண்டும். விதையை வெளியூரிலிருந்து வாங்க வேண்டாம். உங்கள் பகுதியில் விளையும் புல்லிலிருந்தே உருவி எடுங்கள். ஒரே வகை போதாது. பல வகை வேண்டும். ஒன்று வறட்சியில் போனாலும் மற்றொன்று நிற்கும். கொழுக்கட்டைப் புல் விதையைப் பறித்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சில மாதம் வைத்திருந்து அடுத்த மழைக்கு விதையுங்கள்.

6. உருண்டை பிடித்து விதையுங்கள்.
புல் விதை மிகவும் லேசானது. காற்றில் பறக்கும். எறும்பும் இழுத்துப் போகும். ஆகவே களிமண் மூன்று பங்கு, சாணம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எடுங்கள். விதையைக் கலந்து, நீர் தெளித்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாகப் பிடியுங்கள். நிழலில் காய வையுங்கள். முதல் மழை வரும் சமயத்தில் நிலத்தில் தூவுங்கள். ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

7. நிலத்துக்கு ஓய்வு கொடுங்கள்.
புல் முளைத்ததும் மந்தையை விட்டுவிடாதீர்கள். இளம் புல்லை வேரோடு இழுத்துவிடும். முதல் ஆண்டு புல் விதைத்து உதிரும் வரை மேய்க்காதீர்கள். பிறகு அரிவாளால் அறுத்துக் கட்டிக் கொண்டு போகலாம். இரண்டாம் ஆண்டில் விதை உதிர்ந்த பின் அளவாக மேய்க்கலாம். பிறகும் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் புல் நிலைக்கும்.

8. ஆண்டுதோறும் கன்றைப் பிடுங்குங்கள்.
இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சீமைக் கருவேல் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு மழைக்கும் புதிதாக முளைக்கும். மழை நின்றதும் மண் ஈரமாக இருக்கும். அப்போது கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடலாம். ஓர் ஆண்டு விட்டால் கடப்பாரை வேண்டும். ஐந்து ஆண்டு விட்டால் இயந்திரம் வேண்டும்.

9. மந்தையின் சாணத்தைக் கவனியுங்கள்.
நெற்று தின்ற மந்தையை நேராகப் புது நிலத்துக்கு ஓட்டாதீர்கள். ஒரு வாரமாவது வேறு இடத்தில் கிடை போடுங்கள். வயிற்றில் உள்ள விதை வெளியே வந்துவிடும். பிறகு புது நிலத்துக்குக் கொண்டு போகலாம். கிடை போட்ட இடத்தில் முளைக்கும் கன்றையும் மறக்காமல் பிடுங்குங்கள்.

புல்வெளி தரிசு அல்ல

இத்தனை கஷ்டமும் ஏன் வந்தது? அடிப்படையில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மரம் இல்லாத நிலம் என்றால் வெற்று நிலம் என்று நினைக்கிறோம். 'தரிசு' என்கிறோம். தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதையும் நடலாம், எதையும் கட்டலாம் என்று ஆகிவிடுகிறது.

ஆனால் புல்வெளி வெற்று நிலம் அல்ல. புல்லின் வேர் சல்லடை போல மண்ணைப் பிடித்து வைக்கிறது. மழை நீர் மண்ணில் இறங்க உதவுகிறது. புல் அடியிலிருந்து வளர்வது. ஆகவே நுனியை மாடு தின்றாலும் மறுபடி வளரும். அளவோடு மேய்ந்தால் ஆண்டுதோறும் கொடுக்கும். உழவு இல்லை, உரம் இல்லை, கிணறு இல்லை. ஆனாலும் பால் தருகிறது. இதை எப்படித் தரிசு என்று சொல்வது?

மரம் நடுவது நல்லதுதான். எந்த இடத்தில் எந்த மரம் என்று கேட்டு நட வேண்டும். அந்த நிலத்தில் காலம் காலமாக வாழ்பவரைக் கேட்டு நட வேண்டும். 1961இல் மால்தாரிகளை உட்கார வைத்துப் பேசியிருந்தால், மாடு நெற்றைத் தின்னும், விதை பரவும் என்பதை யாராவது சொல்லியிருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதை புதிதல்ல. ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் போனால் கண்மாய்க்குள்ளும் வேலிக்காத்தான் நிற்கும். அங்கேயும் கரிமூட்டம் பலருக்குப் பிழைப்பு. 2022இல் தமிழ்நாடு அரசு, இப்படிப்பட்ட அயல் செடிகளை அகற்றி நாட்டுச் செடிகளை மீட்கக் கொள்கை வகுத்தது. அங்கேயும் கேள்வி ஒன்றுதான். எடுத்த பிறகு அந்த இடத்தில் என்ன வளரும்? அதை யார் பார்த்துக்கொள்வார்?

காலியாக விட்ட இடத்துக்கு முதலில் திரும்பி வருவது அதே மரம்தான். அதற்குள் அங்கே புல் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஆளும் இருக்க வேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் மேய்ச்சல் நிலம் எங்கே இருக்கிறது? இருபது ஆண்டுக்கு முன் எவ்வளவு இருந்தது? பெரியவர்களைக் கேளுங்கள்.
2. அங்கே என்னென்ன புல் வளர்கிறது? பெயர்களை எழுதுங்கள்.
3. வெளியிலிருந்து வந்து பரவிய செடி ஏதாவது உண்டா? அதனால் யாருக்கு லாபம்? யாருக்கு நட்டம்?
4. அதை எடுத்தால் யாருடைய பிழைப்பு பாதிக்கும்? அவர்களுக்கு என்ன வழி செய்யலாம்?
5. எடுத்த இடத்தை யாரும் வளைத்துக்கொள்ளாமல் காப்பது எப்படி?